அக்சோரியஸ் செம்மல்

செப்டம்பர் 15, திங்கள்

வலது கையால் எழுதுகிறேன். பிசியோதெரபி தம்பியின் உத்தரவு. என்ன எழுத என்று கேட்டேன். "என்ன வேணாலும் எழுதுங்க டீச்சர், விரல் அசைஞ்சா போதும்" என்றார். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. இன்றைக்கு இது போதும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. கை வலித்தாலும் விடப்போவதில்லை.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் ஊருக்கு வெளியே இருக்கிற நூல் மில்லில் மேஸ்திரி. இருபது வருஷமாக அங்கேதான் கிடக்கிறார். இதுவரை ஒரு மேனேஜரும் அவரைப் பார்த்து "பரவாயில்லையே" என்றுகூடச் சொன்னது கிடையாது. இன்றைக்கு ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதிய கையோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவர், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அல்வா பொட்டலத்தை நீட்டினார்.

"வடிவு, இன்னைக்கு மீட்டிங்ல ஜி.எம். என் பேரச் சொல்லிப் பேசுனாரு."

ஜி.எம். ரகோத்தமன் மில்லுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எதைச் சொன்னாலும் இங்கிலீஷ்தான், அதிலும் பெரிய பெரிய இங்கிலீஷ்.

"என்ன பேசுனாரு?"

"எல்லாரும் ஆவுடையப்பன மாதிரி அக்சோரியஸா இருந்தா இந்த மில்லு எங்க நிக்கும்னு கேட்டாரு. ஒரே கைதட்டல்."

அர்த்தம் தெரியாமல் எப்படித் தட்டினீர்கள் என்று கேட்டேன். முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் ஆட்கள் தட்டினால் பின்னால் இருக்கிறவர்கள் தட்ட வேண்டும், அதுதான் அங்கே வழக்கமாம். முன் பெஞ்சுக்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். அது முன் பெஞ்சின் பாடு என்றார். அல்வா, கைதட்டியவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததாம்.

அந்தச் சொல்லை எங்கேயோ பார்த்த ஞாபகம். ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இங்கிலீஷ் நடத்துகிறவளுக்கு அதெல்லாம் எங்கே நிற்கிறது? ஆனால் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இவர் வேலைக்குப் போனதும் செல்போனில் தேடினேன்.

அட பாவி மனுஷா.

அக்சோரியஸ்: மனைவி மேல் அளவுக்கு மிஞ்சிய ஆசை வைத்து அவளுக்கு அடங்கிக் கிடக்கிறவன். நம் ஊர் பாஷையில் சொன்னால் பொண்டாட்டிதாசன். இன்னும் பச்சையாகச் சொன்னால் பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைகிறவன். இருநூறு பேருக்கு நடுவே நிற்க வைத்து அப்படிச் சொல்லியிருக்கிறார். இவரும் அல்வாவோடு வந்து நிற்கிறார்.

அளவுக்கு மிஞ்சிய ஆசையாம். யார் அளந்தது? ரேஷன் கடைத் தராசிலா?

ஜூலையில் பள்ளிக்கூடப் பிரேயரில் நின்றபடியே சரிந்தேன். அதிலிருந்து வலது பக்கம் கொஞ்சம் சொல்பேச்சு கேட்பதில்லை. கொஞ்சம்தான். இவர் காலையில் பொங்கி வைத்துவிட்டுப் போகிறார். மத்தியானம் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சங்கு ஊதியதும் இவர் வந்துவிடுவார். வந்து என்னை நடக்க வைப்பார், தலை சீவி விடுவார், மற்றதும் பார்ப்பார். மற்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இவரிடம் அர்த்தத்தைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றைக்கும் சொல்லவில்லை. அவியல் நன்றாக இருந்தது என்று ஒரு பொய் மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஏன் சொல்லவில்லை என்று எழுதி வைக்கிறேன். இந்த மனுஷன் தொட்டாற்சிணுங்கி. எவனாவது ஒருத்தன் சிரித்தால் போதும், அந்த வேலைக்கே தலைமுழுகிவிடுவார். கல்யாணமான புதிதில் நான் ஸ்கூட்டி ஓட்டுவேன், இவர் பின்னால் உட்கார்ந்து பஜாருக்கு வருவார். டீக்கடையில் எவனோ "மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போறா பாரு" என்று சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு இறங்கியவர்தான், அப்புறம் ஏறவே இல்லை. நான் ஸ்கூட்டியில் போவேன், இவர் பின்னாலேயே சைக்கிளில் வருவார்.

அர்த்தம் தெரிந்தால் இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். சங்கு ஊதியதும் கிளம்பமாட்டார். எல்லாரையும் போல வாசல் டீக்கடையில் நின்று அரசியல் பேசிவிட்டு இருட்டியதும் வருவார். வரட்டுமே, எனக்கென்ன. தாகத்துக்குத் தண்ணீர் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

இன்றைக்கு இரண்டு பக்கம். பிசியோதெரபி தம்பி பார்த்தால் கைதட்டுவார்.

என்னோடு எம்.ஏ. படித்த மெர்சி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறாள். அவளுக்கு போன் போட்டு, அங்கே இருக்கிற பெரிய அகராதியில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்க்கச் சொன்னேன். அந்த அகராதி ஒவ்வொரு சொல்லையும் எந்தக் காலத்தில் யார் எப்படிப் புழங்கினார்கள் என்று ஜாதகம் கணித்து வைத்திருக்கும். அவள் போனிலேயே வாசித்தாள். எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

பிறந்தது லத்தீனில். அங்கே அதன் முதல் பொருள் வெறுமனே "மனைவிக்குரிய" என்பதுதான். சீதன வழக்குகளில்கூட அந்தச் சொல் வருமாம், ஒரு பாவமும் அறியாத சொல். அப்புறம் ரோமாபுரிக் கவிஞன் ஒருவன் அதைக் கொண்டு ஓர் ஆற்றையே திட்டியிருக்கிறான். அந்த ஆற்றுக்கு ஒரு பொண்டாட்டி, அவள் ஓயாமல் புலம்பினாளாம். ஆறு பொறுக்கமாட்டாமல் கரையை மீறி ஊருக்குள் புகுந்துவிட்டது. உடனே பட்டம் கட்டிவிட்டான், பொண்டாட்டிதாச ஆறு என்று.

இங்கிலீஷில் நுழைந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொண்டாட்டி பேச்சைக் கேட்டு வேறு சாமியைக் கும்பிடப் போன ராஜாவுக்கு இந்தச் சொல், ராஜ்யத்தைக் கோட்டை விட்டவனுக்கு இந்தச் சொல், கதைகளில் வரும் வாயில்லாப் பூச்சிக் கணவனுக்கும் இதே சொல். கூடவே அசடு, பலவீனம் என்று நாலு சொல் சுற்றிக்கொண்டு வரும். "பாராட்டா ஒரு எடத்துலகூட இல்லையா மெர்சி?" என்று கேட்டேன். "இந்தப் பக்கத்துல இல்லட்டி" என்றாள்.

"சரி, புருஷன் மேல அளவுக்கு மிஞ்சின ஆசை வச்ச பொம்பளைக்கு என்ன சொல்?"

ஐந்து நிமிஷம் தேடினாள். யாரோ ஒரு பழைய நாடகக்காரர் அப்படி ஒரு சொல்லை உண்டாக்கிப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அதை எடுத்துப் புழங்க ஆள் இல்லை, அப்படியே செத்துப்போய்விட்டது. எப்படிப் பிழைக்கும்? புருஷன் மேல் உயிரையே வைத்துக் கிடப்பவளுக்குத் தனிப்பெயர் எதற்கு? அவள் பெயர் பொண்டாட்டி, அவ்வளவுதான்.

நம் பாஷை மட்டும் யோக்கியமா? புருஷன் காலைப் பிடித்துவிட்டால் பத்தினி, தெய்வம், கோயில். பொண்டாட்டி காலைப் பிடித்துவிடுகிறவனுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று யோசித்தேன். வசவுதான் வரிசையாக வந்தது.

என் கால் தினமும் ராத்திரி நல்லெண்ணெய் போட்டுப் பிடித்துவிடப்படுகிறது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது.

மில் மனமகிழ் மன்றத்தின் செயலாளர் காளிராஜ் வீட்டுக்கு வந்தார். இவர் கடைக்குப் போயிருந்தார். காளிராஜுக்கு மேடை, மைக், ஃபிளெக்ஸ் இல்லாமல் உயிர் தரிக்காது. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று ஒரு தொழிலாளிக்குப் பட்டம் கொடுப்பார்கள். போன வருஷம் ஒருத்தருக்கு "நூல் வேந்தர்" கொடுத்தார்கள்.

"மதினி, இந்த வருசம் அண்ணாச்சிக்குத்தான். அண்ணாச்சி போட்டோ ஒண்ணு வேணும். கோட்டு போட்டது இருந்தா நல்லது."

"என்ன பட்டம்?"

"அக்சோரியஸ் செம்மல்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பை மட்டும் எழுதி வைக்கிறேன். "வேற ஏதாவது தமிழ்ப் பட்டமா குடுங்களேன், உழைப்புச் செம்மல்னு" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"அது சரியா வராது மதினி. இது ஜி.எம். வாயால வந்த பட்டம்ல. அவருட்ட சொன்னேன், சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாரு. அவரு கையாலதான் பொன்னாட."

சிரித்துக்கொண்டே. சிரிக்கத்தானே செய்வார்.

போகிற போக்கில் காளிராஜ் இன்னொன்றையும் போட்டு உடைத்தார். "அண்ணாச்சி மட்டும் அந்த ரெண்டாம் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலைய வேண்டாம்னு சொல்லாம இருந்தா இன்னும் பெருசா செஞ்சிருக்கலாம். ஜி.எம். நாலு தடவ கூப்பிட்டுக் கேட்டாராம்ல. சாயங்காலம் முடியாதுன்னுட்டாராம். ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

தெரியும் என்று சொன்னேன். தெரியாது.

அந்த நாற்காலிக்காக இவர் எத்தனை வருஷம் ஏங்கினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 22, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன், சரிதானே?

செப்டம்பர் 24, புதன்

இவர் எனக்குச் சடை பின்னினால் அது முதுகில் நேராக விழாது, காதோரம் போய் நிற்கும். நூல் அறுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுகிற கை, சடைக்கு மட்டும் திணறுகிறது. இன்றைக்குப் பின்னிக்கொண்டே கேட்டார்.

"நீ இங்கிலீஷ் டீச்சர்ல்லா. அக்சோரியஸுன்னா என்ன அர்த்தம்? மேடையில ரெண்டு வார்த்த பேசச் சொல்லுவாக."

முதுகுக்குப் பின்னால் இருந்ததால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"கடமை தவறாதவர்னு அர்த்தம்" என்றேன்.

"அப்படியா?" என்றார். சடையை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னினார். இரண்டாவது தடவை நன்றாகவே வந்தது.

ரெண்டாம் ஷிப்ட் வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, சனி

மில் வாசலில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினார். பத்தடி உயரத்தில் கோட்டு போட்டுச் சிரிக்கிறார். கோட்டு கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டதாம். கீழே சிவப்பு எழுத்தில் "அக்சோரியஸ் செம்மல் அண்ணாச்சி ஆவுடையப்பன் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்". வாழ்த்துகிறவர்கள் வரிசையில் முப்பது பேர் தலை. முப்பது பேருக்கும் அர்த்தம் தெரியாது.

அழகாகத்தான் இருக்கிறார். சொல்லவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

சங்கு ஊதியது. ஜன்னல் பக்கம் காற்று வாங்க உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக வந்தது. தெருவிளக்கு போட்ட பிறகு இவர் வந்தார். சைக்கிளை நிறுத்தினார், கை கால் கழுவினார், சோறு போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நடக்கக் கூட்டிப்போகவும் இல்லை. கால் பிடிக்க எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தவர், அப்படியே வைத்துவிட்டார்.

நானும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் என்ன கிடைத்துவிடப் போகிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றைக்கு அதைவிட இருட்டிவிட்டது. ஜெசிந்தா அக்கா வேளாங்கண்ணி போயிருக்கிறார். நானே எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பாதி தூரம்தான் முடிந்தது. சேலை மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றிவிட ஆள் வரும்வரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.

இவர் வந்து பார்த்தார். எல்லாம் செய்தார். தரையைத் துடைத்து முடித்துவிட்டு, அந்த ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு வடிவு. மில் ஆபீஸ்ல புதுசா ஒரு பிள்ள சேந்திருக்கு, அது செல்போன்ல பாத்துச் சொல்லிருச்சு. கேட்டுல நொழஞ்சா சிரிக்கானுவ. காளிராஜ் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. நீ கடமை தவறாதவர்னு சொன்ன."

எனக்கு வந்தது கோபம்தான். கோபத்தில் நானூறு வருஷக் கதையையும் கொட்டினேன். ராஜாவைச் சொன்னேன், செத்துப்போன அந்தப் பெண்பால் சொல்லைச் சொன்னேன், கரை மீறிய ஆற்றைச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட நான் இப்படி நடத்தியதில்லை. இவர் கடைசிவரை கேட்டார்.

"அந்த ஆத்துக்கும் பொன்னாட போத்துனாகளா?" என்றார். சிரிக்காமல்தான் கேட்டார்.

அப்புறம் சொன்னார். "ஜி.எம். திரும்பவும் கூப்பிட்டுக் கேட்டாரு. ரெண்டாம் ஷிப்டு. பூஜை அன்னைக்கு முடிவச் சொல்லுதேன்னுட்டேன். அந்த வேலைய ஒத்துக்கிட்டா ஒருத்தனும் சிரிக்கமாட்டான்."

ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்காக ஒரு மனுஷன் எத்தனை நாள் ஊர் சிரிக்க நிற்பான்? "நல்ல வேலைதானே, ஒத்துக்கிடுங்க" என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

முதலிலிருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

வீட்டில் இருக்க முடியவில்லை. இவர் காலையிலேயே போய்விட்டார். ஜெசிந்தா அக்கா ஊரிலிருந்து திரும்பியதும் "என்னைய மில்லுக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்றேன். "ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா?" என்றார். ஆனாலும் ஆட்டோ கூப்பிட்டார். சரிந்து விழுந்ததற்கப்புறம் ஆஸ்பத்திரி தவிர நான் வாசல் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை.

அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேயே ஆட்டோ நின்றது. எவனோ கரியால் மீசையை மேல்நோக்கி முறுக்கி விட்டிருந்தான். உள்ளே மிஷின்களை நிறுத்திவிட்டு வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கம்பை ஊன்றி ஊன்றிப் விழாக் கொட்டகையில் பெண்கள் பக்கம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. பத்து முகம் திரும்பிப் பார்த்தது. நான் யார் என்று ஒவ்வொரு முகத்துக்கும் விளங்குவதை என்னால் பார்க்க முடிந்தது.

மேடையில் இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். காளிராஜ் மைக்கில் பட்டத்தைச் சொல்லும்போது வழக்கமான சத்தம் இல்லை, அந்தச் சொல்லை அப்படியே மென்று விழுங்கினார். ஜி.எம். பொன்னாடையைப் போர்த்தினார். போர்த்திவிட்டு மைக்கை வாங்கி, நமது அக்சோரியஸ் கனவான் இப்போது இரண்டு வார்த்தை பேசுவார் என்று இங்கிலீஷில் சொன்னார். முன் பெஞ்சு பழக்கதோஷத்தில் கைதட்டியது. நடுவில் இளவட்டங்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

இவர் மைக் முன்னால் வந்து நின்றார். நிற்கிறார், நிற்கிறார். இறங்கி ஓடிவிடுவார் என்று நினைத்தேன்.

"எனக்குப் பேச வராது" என்று ஆரம்பித்தார். "இந்த வார்த்தைக்குப் பொண்டாட்டிதாசன்னு அர்த்தமாம். அன்னைக்கு எனக்குத் தெரியாது. கைதட்டுன ஒங்களுக்கும் தெரியாது."

சிரிப்பு. ஆனால் அது வேறு மாதிரிச் சிரிப்பு. முன் பெஞ்சு சிரிக்கவில்லை.

"எங்க வீட்டம்மா இங்கிலீஷ் டீச்சர். அவட்ட கேட்டேன். கடமை தவறாதவர்னு சொன்னா. இப்படிப் பொய் சொல்லி ஊரு முன்னால நிக்க வச்சிட்டாளேன்னு ரெண்டு நாளு கோவத்துல வீட்டுக்கு லேட்டாப் போனேன். நேத்து லேட்டாப் போய் நின்னப்பதான் தெரிஞ்சுது. அவ ஒண்ணும் பொய் சொல்லல."

இவர் ஜி.எம். பக்கம் திரும்பினார். மைக் இன்னும் வாய்க்கு நேராகத்தான் இருந்தது.

"சார், ரெண்டாம் ஷிப்டுக்கு வேற ஆளப் போட்டுக்கிடுங்க. சாயங்காலம் எனக்கு வீட்ல வேல இருக்கு."

முதலில் யார் தட்டியது என்று தெரியவில்லை. முன் பெஞ்சு இல்லை. என் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது, ரிங் பிரேம் மிஷினில் நூல் நூற்கிற பெண்கள் பக்கத்திலிருந்து. அப்புறம் நடுவில் பிடித்தது, கடைசியாக முன் பெஞ்சுக்குப் போனது. ஜி.எம்.மும் தட்டினார், தட்டாமல் என்ன செய்வார்? என் கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்துவிட்டது. மிஷின் ஓடாத நாளிலும் மில்லில் தூசி பறக்கத்தான் செய்யும்போல.

அப்போதுதான் இவர் என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மேடைப் படியில் இறங்கி, முன் பெஞ்சைத் தாண்டி, அத்தனை பேருக்கும் நடுவே பொன்னாடையோடு நேராக என்னிடம் வந்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். இவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்க? போகணுமா?"

போகத்தான் வேண்டும். ஆட்டோவில் ஏறியதிலிருந்தே போக வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை. அந்தக் கொட்டகை முழுக்கக் கடந்து கூட்டிப்போனார். ஒரு சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் இவர் கால் நிற்கவில்லை. பெண்கள் கக்கூஸ் வாசலில் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தி உள்ளே போய்த் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்து என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பொன்னாடையோடு வாசலிலேயே நின்றார் அக்சோரியஸ் செம்மல்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கேட்டேன்.

"நிக்கீகளா?"

"நிக்கேன்" என்றார்.